நம் தெருவில் கதை தேடுவோம்: எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எழுத ஆசை இருக்கிறது, எழுதுவதற்கு விஷயம்தான் சிக்கவில்லை என்று என்னிடம் சொல்லும் நண்பர்கள் அதிகம். அவர்களை நான் எங்கள் ஊர்க் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். ஊர் கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர் போனது. பக்கத்தில் இடைசெவல். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி இருவருக்கும் சொந்த ஊர் அந்தச் சின்னக் கிராமம்தான். இரண்டு பேருக்கும் சாகித்திய அகாதெமி விருது வந்தது. சம்சாரிகளையும் அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் பார்த்துப் பார்த்து எழுதியவர்கள். இந்த ஊரில் நின்றுகொண்டு விஷயம் இல்லை என்று சொல்லக் கொஞ்சம் கூச்சப்பட வேண்டும்.

உங்கள் ஊரிலும் ஒரு கடைத்தெரு இருக்கும். ஒரு மாதம், ஒரு மனிதர், ஒரு கட்டுரை. இதுதான் நம் திட்டம். முன் அனுபவம் எதுவும் தேவையில்லை. சேர்ந்தே போவோம்.

எது கதை?

புதிதாக எழுத வருகிறவர்கள் முதலில் தேடுவது கஷ்டத்தை. கஷ்டம் எல்லார் வீட்டிலும் உண்டு. கஷ்டத்துக்கு நடுவே ஒருவர் கண்டுபிடித்த வழி, விடாமல் வைத்திருக்கும் ஒரு பழக்கம், ஒருநாள் எடுத்த ஒரு முடிவு, இவற்றில்தான் கதை இருக்கிறது.

இட்லிக் கடை அக்கா விடியக்காலை மூன்று மணிக்கு எழுந்திருக்கிறார் என்றால் அது தகவல். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் எழுகிறார்கள். அரிசி விலை ஏறியபோது, இட்லி விலையை ஏற்ற மனமில்லாமல், குழி சின்னதாக உள்ள தட்டு வாங்கிப் போட்டார் என்றால் நாம் நிமிர்ந்து உட்கார வேண்டும். வாடிக்கையாளர்கள் கண்டுபிடித்தார்களா? யாராவது கேட்டார்களா? அக்கா என்ன பதில் சொன்னார்? இந்த மூன்று கேள்விகளிலேயே ஒரு கட்டுரை நிற்கிறது.

எங்கே தேடுவது?

நடந்து போகிற தூரத்தில் தேடுங்கள். பஸ் ஏறிப் போய்ப் பார்க்கும் மனிதரை இரண்டாம் முறை பார்க்கச் சோம்பல் வந்துவிடும். நமக்கு நான்கு முறையாவது போக வேண்டியிருக்கும்.

ஒரே இடத்தில் பத்து வருடமாவது உட்கார்ந்திருப்பவர் தொடக்கத்துக்கு நல்லவர். தையற்கடைக்காரர், சைக்கிள் கடைக்காரர், பூக்கட்டுபவர், செருப்பு தைப்பவர், எஸ்.டி.டி. பூத்தை ஜெராக்ஸ் கடையாக மாற்றியவர். இவர்களுக்குத் தங்கள் கதையோடு தெருவின் கதையும் தெரியும்.

டவுன் பஸ் இன்னொரு இடம். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசு கொடுக்காமல் போகலாம். அதனால் யார் யார் புதிதாகப் பஸ் ஏறினார்கள், முன்பு நடந்த தூரம் என்ன, மிச்சமான காசு எங்கே போகிறது என்று பக்கத்து சீட்டு அக்காவிடம் பேசிப் பாருங்கள். இறங்குவதற்குள் பாதிக் கட்டுரை கிடைத்துவிடும்.

திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போனால் இன்னும் விசேஷம். அன்றைக்குத்தான் மக்கள் குறைதீர்க்கும் நாள். மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நாம் ஒரு மாதம் திணறுகிற வேலையை அவர்கள் கால் மணி நேரத்தில் முடிக்கிறார்கள்: ஒருவர் அழுதுகொண்டே சொல்வதைக் கேட்டு, தேவையானதை மட்டும் எடுத்து, ஒரு பக்கத்தில் எழுதிவிடுவது. அந்த மனு எழுதுபவரே ஒரு நல்ல கட்டுரைக்கு ஆள். ஆனால் அங்கே வருகிறவர்கள் சிக்கலில் இருப்பவர்கள், அதனால் முதல் முயற்சிக்கு வேண்டாம். கை பழகிய பிறகு போவோம்.

இந்த வழிகாட்டிக்காக ஒரு ஜென்ட்ஸ் டெய்லரை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் கடை. பேர் சொல்ல மாட்டேன், அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம்.

என்ன வேண்டும்?

சட்டைப் பையில் அடங்குகிற ஒரு சின்ன நோட்டு, இரண்டு பால்பாயிண்ட் பேனா, கையில் இருக்கிற போன். அவ்வளவுதான். ரெக்கார்டர், கேமரா, ஸ்டாண்டு என்று எதையும் இப்போது வாங்காதீர்கள். கருவியைக் கண்டால் ஜனங்கள் டி.வி.க்காரர் வந்துவிட்டார் என்று நினைத்துச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, டி.வி.யில் கேட்ட தமிழையே நமக்குத் திருப்பிச் சொல்வார்கள்.

எந்த நேரத்தில் போவது?

இதில் தவறினால் எதுவும் நடக்காது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஓய்ந்த நேரம் என்று ஒன்று உண்டு. இட்லிக் கடைக்குக் காலை பத்தரைக்கு மேல். மீன்காரருக்கு மதியம். டீக்கடைக்கு மத்தியானம் இரண்டரை, பால் அடுத்த நடை வருவதற்கு முன்னால். சலூனுக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் நம்மை அடிக்காத குறையாக அனுப்பிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை பெரும்பாலும் விடுமுறை. புதன் காலை சரியான நேரம்.

டெய்லர் என்றால் தீபாவளிக்கு முந்தைய மாதமும் பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதமும் அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது. நான் ஆடி மாதம் போனேன். மதியம் மூன்று மணி, மிஷின் ஓடவில்லை, அண்ணாச்சி பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார்.

முதல் நாள்: வாடிக்கையாளராகப் போவோம்

முதல் நாளே நோட்டை எடுக்க வேண்டாம். காய் வாங்குங்கள், பஞ்சர் ஒட்டுங்கள், டீ குடியுங்கள். நான் ஒரு பேன்ட் துணியைக் கொண்டுபோய் அளவு கொடுத்தேன். அவர் டேப்பைச் சுற்றும்போதே, வந்த விஷயத்தையும் சொல்லிவிட்டேன்: "அண்ணாச்சி, நான் எழுதுகிறவன். உங்க வேலையைப் பத்தி எழுதலாம்னு ஆசை. பத்திரிகையில வரலாம், வராமலும் போகலாம்."

இந்த மூன்று விஷயங்களையும் முதல் நாளே சொல்லியாக வேண்டும்: நாம் யார், எதற்காகக் கேட்கிறோம், எங்கே வரும். மறைத்துப் பேசி வாங்கும் கதை திருட்டுச் சாமான் மாதிரி. கையில் இருந்தும் நிம்மதியாகப் பயன்படுத்த முடியாது.

சொல்லிவிட்டுச் சும்மா உட்காருங்கள். ஒரு மணி நேரம் போதும். யார் வருகிறார்கள், அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், கைக்கு எட்டுகிற இடத்தில் என்ன இருக்கிறது, எட்டாத உயரத்தில் எதை வைத்திருக்கிறார் என்று மட்டும் பாருங்கள். நான் பார்த்தது, கடையின் பின்பக்கக் கம்பியில் தைத்து முடித்து, இஸ்திரி போட்டு, தூசி படிந்து தொங்கிய பேன்ட்கள். எண்ணினேன், பதினொன்று.

எப்படிக் கேட்பது?

இந்த இடத்தில் நிதானமாக நடப்போம், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் விழுவது இங்கேதான். நானும் விழுந்தேன்.

இரண்டாம் முறை போனபோது, "உங்க வாழ்க்கை அனுபவத்தைச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று கேட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "அதுல என்ன தம்பி இருக்கு, ஓடுது" என்றார். பேச்சு முடிந்துவிட்டது. தப்பு அவர்மேல் இல்லை. வாழ்க்கை என்று மொத்தமாகக் கேட்டால் யாரால்தான் எடுத்துக் கொடுக்க முடியும்?

மூன்றாம் முறை வேறு மாதிரி கேட்டேன். "இந்தக் கத்திரியை எங்க சாணை பிடிப்பீங்க?"

நாற்பது நிமிடம் பேசினார். முன்பெல்லாம் சாணைக்காரர் சைக்கிளிலேயே கல்லை மாட்டிக்கொண்டு மாதம் ஒருமுறை வருவாராம். அவர் வருவது நின்ற பிறகு கத்திரியைத் துணியில் சுற்றி மதுரைக்குக் கொண்டுபோக ஆரம்பித்திருக்கிறார். அங்கே சாணைக் கடைக்கு அடுத்த கடை ரெடிமேட் மொத்த வியாபாரம். காத்திருக்கிற நேரத்தில் ஒரு பேன்ட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். தையல் சுமார்தான், பிசிறு அப்படியே இருக்கிறது. விலை சீட்டைப் பார்த்தால், துணியும் சேர்த்து அவர் வாங்கும் தையற்கூலியைவிடக் குறைவு. ஊருக்குத் திரும்பிய அன்று சாயங்காலமே காஜா எடுக்கும் பையனைக் கூப்பிட்டு, "நீ வேற தொழில் பாத்துக்கடா, நான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பையன் இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறான். "எனக்கு அவன்தான் ரீசார்ஜ் பண்ணி விடுதான்" என்று சிரித்தார்.

ஒரு கத்திரியைக் கேட்டதற்கு இவ்வளவு. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும்: வேலையைக் கேட்போம், வாழ்க்கை தானாக வரும்.

கேட்கத் தகுந்தவை எல்லாம் சின்னக் கேள்விகள். இதை யார் கற்றுக் கொடுத்தது? முதல் கூலி எவ்வளவு? இந்தச் சாமான் உடைந்தால் என்ன செய்வீர்கள்? இந்தத் தொழிலில் மற்றவர்களுக்குத் தெரியாத தந்திரம் எது? கடைசியாகச் சொன்ன கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லாமல் விட்டதில்லை. தொழில் பெருமை அப்படிப்பட்டது.

கேட்கக் கூடாததும் ஒன்று உண்டு. "அப்போது எப்படி உணர்ந்தீர்கள்?" வேண்டாம். அப்போது என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். சாப்பிட்டாரா, கடையைச் சாத்தினாரா, யாரிடமாவது சொன்னாரா? உணர்ச்சி அதில் தெரிந்துவிடும்.

பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். எட்டு, ஒன்பது என்று வரும்போது அவரே, "இன்னொண்ணு சொல்லணும்…" என்று தொடங்குவார். நல்ல விஷயங்கள் பெரும்பாலும் அந்த 'இன்னொண்ணு'க்குள் இருக்கின்றன.

நோட்டில் எப்படி எழுதுவது?

உ.வே. சாமிநாதையர் தம் கட்டுரைத் தொகுப்பு ஒன்றுக்கு 'நான் கண்டதும் கேட்டதும்' என்று பேர் வைத்தார். எனக்கு அந்தத் தலைப்பே ஒரு பாடம். நோட்டின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் கண்டது, வலது பக்கம் கேட்டது. பக்கத்தின் அடியில் இரண்டு வரி விட்டு, நாம் நினைத்தது.

"பதினொரு பேன்ட்" கண்டது. "ரெண்டு பேர் செத்துப் போயிட்டாங்க தம்பி, அதான் வாங்க வரல" கேட்டது. "மற்ற ஒன்பது பேருக்குக் கூலி கொடுக்கக் காசில்லையோ" என்பது நான் நினைத்தது. மூன்றும் ஒரே பத்தியில் கலந்துவிட்டால், ஒரு வாரம் கழித்து நம் ஊகமே உண்மை மாதிரி நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். தீப்பெட்டி செய்யும் இடத்தை எங்கள் பக்கம் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பார்கள். அதைத் 'தீப்பெட்டித் தொழிற்சாலை' என்று திருத்தி எழுதினால் எங்கள் ஊரே அந்த வரியிலிருந்து காலி செய்துகொண்டு போய்விடும். கரிசல் வட்டாரச் சொற்களைச் சேர்த்து ஓர் அகராதியே போட்டவர் கி.ரா. நமக்கு அகராதி வேண்டாம், மனிதருக்குப் பத்துச் சொல் போதும்.

போனில் பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத நான்கு மணி நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நான் அரை மணிக்கு மேல் பதிவு செய்வதில்லை. சோம்பல்தான்.

எதைக் கண்டால் நிற்க வேண்டும்?

விலை மாறிய இடத்தில் நில்லுங்கள். தீப்பெட்டி 14 ஆண்டுகளாக ஒரு ரூபாய். 2021 டிசம்பர் 1 அன்று இரண்டு ரூபாய் ஆனது. அதே 14 ஆண்டுகளில் டீ விலை எத்தனை முறை ஏறியது என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். ஒரு பொருளின் விலை அவ்வளவு காலம் அசையாமல் நின்றதென்றால், அதைத் தாங்கிப் பிடித்தவர் யாரோ இருக்கிறார். குச்சி அடுக்கிய கைகளையும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிய கைகளையும் தேடிப் போனால் பதில் கிடைக்கும்.

தூக்கிப் போடாமல் வைத்திருக்கும் பொருளைக் கண்டாலும் நில்லுங்கள். அண்ணாச்சியிடம் பழைய பில் புத்தகங்கள் ஒரு சாக்கு நிறைய உண்டு. ஒவ்வொரு பில்லிலும் வாடிக்கையாளரின் துணியில் ஒரு துண்டு வெட்டிப் பின் அடித்திருப்பார். துணி மாறிப் போகாமலிருக்க எல்லா டெய்லரும் செய்வதுதான். ஆனால் வருட வாரியாகப் புரட்டினால் ஒரு ஊர் என்ன உடுத்தியது என்ற சரித்திரம் அதில் இருக்கிறது. எந்த ஆண்டு டெரிகாட்டன் வந்தது, எப்போது கால் அகலம் சுருங்கியது, எந்தப் பள்ளிக்கூடம் யூனிஃபார்ம் நிறத்தை மாற்றியது, எல்லாம்.

சரிபார்ப்பது எப்படி?

நம் ஜனங்கள் வருடத்தை எண்ணாகச் சொல்வது குறைவு. சம்பவத்தை வைத்துத்தான் சொல்வார்கள். "இந்திரா காந்தி செத்தப்ப" என்றால் 1984 அக்டோபர் கடைசி. "சுனாமி வந்த வருசம்" 2004 டிசம்பர். "நோட்டு செல்லாமப் போனப்ப" 2016 நவம்பர். எங்கள் மாவட்டத்தில் "இப்ப வந்த வெள்ளம்" என்றால் 2023 டிசம்பர். இப்படி ஒரு பட்டியலை நோட்டின் பின் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊர்ச் சம்பவங்களையும் சேர்த்து.

அண்ணாச்சி முதலில், கடை ஆரம்பித்தது 86 என்றார். இன்னொரு நாள், "எம்.ஜி.ஆர். செத்து அடுத்த பொங்கலுக்குத் திறந்தேன்" என்றார். எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. அப்படியானால் கடை திறந்தது 1988 ஜனவரி. எதை எடுப்பது? சாக்கிலிருந்த முதல் பில் புத்தகத்தைப் பார்த்தோம். முதல் தேதி 88 ஜனவரி. அவருக்கே ஆச்சரியம். "அப்ப ரெண்டு வருசம் எங்க தம்பி போச்சு?" என்றார். யோசித்துப் பார்த்ததில் அந்த இரண்டு வருடமும் இன்னொருவர் கடையில் கூலிக்குத் தைத்திருக்கிறார். அதை அவர் மறந்திருந்தார், அல்லது மறக்க விரும்பியிருந்தார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பணக் கணக்கை மட்டும் எப்போதும் இரண்டு முறை கேளுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எழுத உட்காருவோம்

முதல் கட்டுரை 600 சொல்லில் இருந்து 800 சொல்லுக்குள் போதும். நோட்டை ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு மூடி வையுங்கள். மூடிய பிறகும் கண் முன்னால் நிற்பது எதுவோ, அதுவே முதல் வரி.

"வறுமையின் கோரப் பிடியில் சிக்கித் தவிக்கும் எத்தனையோ உழைப்பாளிகளில் ஒருவர்தான்…" என்று கை தானாக எழுதப் பார்க்கும். பேனாவைக் கீழே வையுங்கள், ஒரு டீ குடியுங்கள், திரும்பி வாருங்கள். "அந்தக் கடையில் பதினொரு பேன்ட்கள் ஆளில்லாமல் தொங்குகின்றன" என்று தொடங்கலாமே. படிப்பவருக்கு ஏன் என்று கேட்கத் தோன்றும். கேள்வி பிறந்துவிட்டால் மிச்சத்தை அவரே இழுத்துக்கொண்டு போவார்.

கதை சொல்லும் பகுதி நம் தமிழில் இருக்கட்டும், அவர் பேசுவது அவர் தமிழில் இருக்கட்டும். அவருடைய பேச்சைக் கேலி தெரியும்படி அளவுக்கு மீறிக் கொச்சையாக்க வேண்டாம். நாமும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறோம்.

எழுதி முடித்ததும் ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். 'உன்னத', 'அபார', 'நெகிழ்ச்சியான' போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு முறை கட்டுரை எதையும் இழக்காது.

எவ்வளவு செலவாகும்?

என் கணக்கைச் சொல்கிறேன். நோட்டு 40 ரூபாய். பேனா இரண்டு, 20. நான்கு முறை போனதில் இரண்டு பேருக்கு டீ, ஒன்று 12 ரூபாய் வீதம் 96. கட்டுரையைப் பிரிண்ட் எடுத்த வகையில் 20. ஆக 176 ரூபாய். பேன்ட் தையற்கூலி 450 தனி. அது வாங்கும்போது கொடுக்க வேண்டியது. பேன்ட் நமக்குத்தானே என்பதால் அதைச் செலவில் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நேரம்தான் பெரிய செலவு. போய் உட்கார்ந்தது நான்கு மணி நேரம், பதிவைக் கேட்டு எழுதியது இரண்டு மணி நேரம், கட்டுரைக்கு மூன்று இரவுகள். வேலைக்குப் போகிறவர்களும் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம்.

எதிரே இருப்பவருக்கும் ஒரு செலவு இருக்கிறது. அவர் நம்மோடு பேசும் நேரத்தில் மிஷின் ஓடுவதில்லை. கதைக்குக் காசு கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை, காசு வாங்கியவர் நாம் விரும்புவதைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அதற்குப் பதிலாக வாடிக்கையாளர் வந்தால் எழுந்து இடம் விடுங்கள். பட்டன் பெட்டியை எடுத்துக் கொடுங்கள்.

ஜாக்கிரதை

மேலே சொன்ன பணக் கணக்குக்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு வடைக் கடை அம்மாவைப் பற்றி எழுதினேன். தினம் மூவாயிரம் ரூபாய் வியாபாரம் என்று அவர் பெருமையாகச் சொன்னதை அப்படியே போட்டேன். எண்ணெய், பருப்பு, கேஸ் போக அவர் கையில் நிற்பது எவ்வளவு என்று கேட்கத் தோன்றவில்லை. கட்டுரை வந்த அடுத்த மாதம் இடத்துக்காரர் வாடகையில் ஐந்நூறு ஏற்றிவிட்டார். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "நல்லாத்தான் எழுதியிருந்தே சாமி" என்றார். அதற்குப் பிறகு வருமானம், கடன், நகை, சீட்டுப் பணம் எதையும் எழுதுவதற்கு முன், இதை யார் யார் படிப்பார்கள் என்று யோசிக்கிறேன்.

"இதை எழுதாதீங்க" என்று அவர் சொன்னால் எழுதக் கூடாது. பேசி முடித்த மறுநாள் போன் செய்து சொன்னாலும் கூடாது. அண்ணாச்சியின் அளவு நோட்டில் ஒருவருடைய பேருக்கு எதிரே மூன்று வருடத்தில் இடுப்பளவு நான்கு அங்குலம் குறைந்திருந்தது. வீட்டுக்காரருக்குத் தெரியுமுன் டெய்லருக்குத் தெரிந்த நோய். எனக்குக் கிடைத்ததிலேயே கனமான விவரம் அதுதான். அவர் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதால் அப்போது கட்டுரையில் சேர்க்கவில்லை. இங்கேயும் பேரும் அடையாளமும் தெரியாதபடி எண்களை மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன்.

சட்டமும் இருக்கிறது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பேரோ, அடையாளம் தெரியும்படியான விவரமோ வெளியிடுவதை 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் தடுக்கிறது. பெரியவர்கள் விஷயத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு. ஒருவர் இன்னொருவரைப் பற்றிச் சொல்லும் குற்றச்சாட்டை விசாரிக்காமல் போட்டால் அவதூறு வழக்கு வரலாம். எழுதியவர்தான் பதில் சொல்ல வேண்டும், "அவர்தான் சொன்னார்" என்பது நம்மைக் காப்பாற்றாது.

சாதியைக் கதைக்குத் தேவையில்லாமல் எழுத வேண்டாம். கதையே அதனால்தான் நடந்தது என்றால் மறைக்கவும் வேண்டாம். எது எந்த ரகம் என்பதை அவரிடமே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. "எழுதினா உதவி ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்பார்கள். கிடைக்கும் என்று சொல்லிவிடாதீர்கள். நம் கையில் இல்லாததை வாக்குக் கொடுப்பதுபோல் பாவம் வேறில்லை.

யாரைப் படிக்கலாம்?

கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'யில் தொடங்குங்கள். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாமல், ஊர்க்காரர்கள் சொன்னதைக் கேட்டே எழுதி, பிற்காலத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உட்கார்ந்தவர். ஆரவாரம் இல்லாமல் எழுதுவது எப்படி என்று பார்க்க அசோகமித்திரனின் 'தண்ணீர்'. நாவல்தான், ஆனால் சென்னையில் ஒரு குடம் தண்ணீருக்கு அலைவதை வைத்து ஒரு முழுப் புத்தகம் எழுத முடியும் என்ற தைரியம் கிடைக்கும். இன்றைய கிராமத்து வேலைகளைப் பற்றிப் படிக்க, பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய 'பாரி' என்ற இணையக் காப்பகம் இருக்கிறது. தமிழிலும் வருகிறது, காசில்லை.

எழுதி முடித்தாயிற்று, இனி?

நாளிதழ்களின் ஞாயிறு இணைப்பு, வார இதழ், சிற்றிதழ், உங்கள் பள்ளியின் ஆண்டு மலர், எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். பதில் வர மாதக் கணக்கில் ஆகலாம். அதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விடுங்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. யாரைப் பற்றி எழுதினோமோ அவரிடம் ஒரு பிரதியைக் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். புகழ்ச்சியை மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டியதில்லை. தகவல் தப்பு என்றால் அங்கேயே திருத்த வேண்டும்.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஓர் இடத்தில் வட்டம் போட்டார்.

"எல்லாம் சரியா இருக்கு தம்பி. பேன்ட் பதினொண்ணு இல்ல, பன்னெண்டு. உங்களோடது தச்சு மூணு வாரமாச்சு."

திருத்திவிட்டுத்தான் அனுப்பினேன்.